காற்றுத்தர மானியை எங்கே வைப்பது?

நூலகம், வகுப்பறை, மருத்துவமனைக் காத்திருப்பு அறை போன்ற இடங்களில், காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவைக் காட்டும் மானியை வாங்குவதைவிட வைக்கும் இடம்தான் முக்கியம். உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1 முதல் 1.5 மீட்டருக்குள் வையுங்கள். ஜன்னல், கதவு, ஏசி காற்று வரும் வழி ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தால் அளவு குறைவாகக் காட்டும். ஆட்களுக்கு ஒரு மீட்டருக்குள் இருந்தால் அவர்கள் விடும் மூச்சே அளவை ஏற்றிவிடும்.

வாங்கும்போது, கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்பு ஒளியால் நேரடியாக அளக்கும் என்.டி.ஐ.ஆர். சென்சார் உள்ளதா என்று பாருங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை அளந்து அதிலிருந்து ஊகித்துக் காட்டுகின்றன. கை சானிடைசர் தெளித்தாலே அவற்றில் எண் எகிறும். இவற்றை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும். உள்ளே ஆட்கள் நிறைந்திருக்கும்போது 800-ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறக்கலாம். 1000-க்கு மேலேயே நின்றால் காற்றோட்டம் போதவில்லை.

பலரும் கவனிக்காதது தானியங்கி அளவுத்திருத்தம், அதாவது கருவி தன் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி. வாரத்தில் ஒருமுறையாவது வெளிக்காற்று அளவுக்கு இறங்கும் என்று கருவி எண்ணிக்கொள்ளும். இரவும் பகலும் ஆட்கள் இருக்கும் கட்டடத்தில் அப்படி இறங்காது. நாளடைவில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும். அங்கே அந்த வசதியை அணைத்துவிட்டு, அவ்வப்போது கருவியை வெளியே எடுத்துச் சென்று, எண் நிலைத்த பிறகு கையால் திருத்துங்கள். அப்போது அதன்மேல் மூச்சு விடாதீர்கள்.