பழைய குத்திக்காசைத் தேய்க்காதீர்கள்: நாணயத்தின் விலையைக் கெடுக்கும் தவறுகள்

வெள்ளிக்கிழமைக்குக் குத்துவிளக்கு மினுக்கும் கையோடு சாமித்தட்டில் கிடக்கும் பழைய செப்புக் காசையும் பழப்புளி போட்டுத் தேய்த்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். விளக்குக்கு அது நல்லது. காசுக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை. காசு பளபளக்கும், ஆனால் சேகரிப்பவர் கொடுத்திருக்கக்கூடிய விலையில் பெரும்பங்கு அந்தப் புளித்தண்ணீரோடு போய்விடும்.

காரணம் காசின் மேற்தோலில் இருக்கிறது. அச்சு வந்து அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நெளிந்து ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளாகக் காசில் நின்றுவிடும். புழங்காத காசை ஒற்றை பல்ப்பின் கீழ் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சம் வண்டிச் சில்லின் ஆரக்கால் போலச் சுற்றி ஓடும். புளியும் தேசிக்காயும் அந்த வரிகளைத்தான் தின்கின்றன. திருநீறு, சாம்பல், பற்பசை, பித்தளை மினுக்கும் திரவம் எல்லாம் அதன்மேல் கீறல் போடுகின்றன. 10 மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால், ஒரே திசையில் தலைமயிர் போல மெல்லிய கோடுகள் தெரியும். வாங்க வருகிறவர் முதலில் தேடுவதே அதைத்தான். தேய்த்த செம்பு கொஞ்ச நாளைக்கு இளஞ்சிவப்பாக நிற்கும், பிறகு திட்டுத்திட்டாக மங்கும். நூறு வருடத்தில் படிந்த சீரான மண்ணிறம் திரும்பி வராது. வெள்ளிக் காசைப் பேக்கிங் சோடாவிலும் அலுமினியத் தாளிலும் வைத்து வெளுப்பதும் வேண்டாம். கருமையோடு காசின் உயிரோட்டமும் போய்விடும்.

மண்ணும் தூசும் மட்டும் ஒட்டியிருந்தால் பாமசியிலோ பற்றரிக் கடையிலோ கிடைக்கும் வடிநீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். எடுத்துப் பஞ்சுத்துணியில் ஒற்றுங்கள், துடைக்க வேண்டாம். எண்ணெய்ப்பிசுக்கோ பிளாஸ்டிக் உறையின் பச்சைப் பிசினோ இருந்தால் தூய அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், ஐந்து பத்து நிமிடம் போதும். நகப்பூச்சு அகற்றும் திரவம் இதற்கு ஆகாது. அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அடுப்பு, விளக்கு எரியும் அறையில் அசிட்டோன் போத்தலைத் திறக்கவே கூடாது. தேங்காய் எண்ணெய் பூசி வைப்பதும் தவறுதான். அது நாள்பட அமிலமாகிச் செம்பைப் பச்சையாக்கும்.

அடுத்த தவறு, பழசு என்றால் விலை என்று நம்புவது. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியான வி.ஓ.சி.யின் சின்னம் போட்ட ‘டொயிட்’ என்னும் சிறிய செப்புக் காசுகள் நம் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும். நாம் இன்றும் சொல்லும் ‘துட்டு’ என்ற சொல் அந்த ‘டொயிட்’ காசின் பெயரிலிருந்து வந்ததே. ஆண்டு 1700களில் இருக்கும், பார்த்தவுடன் மனம் துள்ளும். ஆனால் அவை நெதர்லாந்தின் அச்சுச்சாலைகளில் கிழக்கு நாடுகள் எல்லாவற்றுக்குமாக ஏராளமாய் அடிக்கப்பட்டவை. தேய்ந்த டொயிட்டுக்குப் பெரிய விலை கிடையாது. அதே கம்பனி 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இலங்கையிலேயே முரட்டுத்தனமாக அடித்த ‘ஸ்டைவர்’ என்னும் செப்புக் காசின் கதை வேறு. வி.ஓ.சி. சின்னத்துக்கு மேல் ஒரு ரோமன் எழுத்து இருக்கும்: கொழும்புக்கு சி, காலிக்கு ஜி, யாழ்ப்பாணத்துக்கு ஐ, திருகோணமலைக்கு டி (T). தாராளமாய்க் கிடைக்கும் டொயிட்டை விட, எழுத்து தெளிவாய் விழுந்த டி ஸ்டைவரைத்தான் சேகரிப்பவர்கள் தேடுவார்கள். வயது ஏறக்குறைய ஒன்று. இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மிஞ்சியது என்ற சொல்லைக் கவனியுங்கள். எத்தனை அடித்தார்கள் என்பதை மட்டும் பார்த்து விலை சொல்வதும் பிழை. 1957 புத்த ஜயந்திக்கு வெளிவந்த 5 ரூபா வெள்ளிக் காசு 5 இலட்சம் அடிக்கப்பட்டது. அதில் 258,000 உருக்குவதற்காகத் திரும்பிப் போயின. ஆகவே கணக்கை மீதியிலிருந்து தொடங்க வேண்டும். மறுபுறம், 2013ஆம் ஆண்டு தேதியிட்ட 25 மாவட்டங்களின் 10 ரூபாக் காசுகளில் நம் மாவட்டத்துக் காசு ஒன்றை மட்டும் பிரித்து வைத்துக்கொள்கிறவர்கள் பலர். பாசம் சரி. ஆனால் கீறல் படாத 25உம் ஒன்றாக இருக்கும் தொகுதிக்குத்தான் கேள்வி அதிகம்.

வெள்ளிக் காசில் முகப்பெறுமதிக்கு மேலே உலோக விலை ஒரு தரைமட்டமாக நிற்கும். அதற்குக் கீழே விற்கக்கூடாது. அந்த 5 ரூபா 28.28 கிராம், 92.5 வீதம் வெள்ளி. அதாவது ஏறத்தாழ 26.16 கிராம் சுத்த வெள்ளி. ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட 50 சதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எடை 5.83 கிராம், தோற்றமும் ஒன்றுபோல. 1917 வரை 80 வீதம் வெள்ளி, 1919 முதல் 55 வீதம். முன்னதில் 4.66 கிராம், பின்னதில் 3.2 கிராம். ஆண்டைப் பார்க்காமல் குவியலாக நிறுத்துக் கொடுத்தால் நட்டம் உங்களுக்கு. நகைக்கடையில் உருக்கு விலைக்குக் கொடுப்பதற்கு முன், தேயாத காசுகளைத் தனியாகப் பிரித்தெடுங்கள்.

தேய்வை எங்கே பார்ப்பது? எங்கே மேடாக இருக்கிறதோ அங்கே. விக்டோரியா காசில் காதுக்கு மேலே வாரிய கூந்தல் இழைகள், ஜோர்ஜ் காசில் புருவமும் முடியின் மணிகளும், மறுபக்கத்தில் தாளிப்பனையின் ஓலைகள். இழை இழையாகத் தெரிந்தால் ஒரு விலை, மொத்தையாகிவிட்டால் வேறு விலை. ஒரே ஆண்டுக் காசு இரண்டுக்கு இடையில் பத்து மடங்கு வித்தியாசம் வருவதும் உண்டு. காசுமாலைக்கும் பிள்ளையின் அரைஞாணுக்குமாக ஓட்டை போட்ட, வளையம் ஒட்டிய காசுகள் நம்மிடம் நிறைய. ஓட்டையை அடைத்து, வளையத்தை அராவி விற்க முயல வேண்டாம். ஈயம் வைத்த இடம் விளிம்பில் காட்டிக்கொடுத்துவிடும். மாலையாக இருந்தால் மாலையாகவே வைத்திருங்கள். அதற்கு நகை என்ற பெறுமதி இருக்கிறது.

போலிகளில், 1818 என்ற ஆண்டோடு இராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் பொறித்த, ஆங்கிலேயரின் ‘கிழக்கிந்தியக் கம்பனி’ செப்புக் காசை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அப்படி ஒரு காசைக் கம்பனி வெளியிடவே இல்லை. கோயில் வாசல்களில் அது பக்திப்பொருளாக விற்கப்படுகிறது. வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு தையல்கோடும், முகப்பில் குண்டூசி முனை போன்ற குமிழ்க்குழிகளும் இருக்கும். எழுத்துகள் சோப்பில் செதுக்கியது போல மழுங்கி நிற்கும்.

வெள்ளியா என்று சந்தேகம் வந்தால் உரைகல்லில் உரைக்க வேண்டாம், தண்ணீரில் பாருங்கள். 0.01 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசில் மெல்லிய பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மென்மையான நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். புத்த ஜயந்தி 5 ரூபா என்றால் தராசு 2.73 அளவில் நிற்க வேண்டும், 28.28ஐ அதனால் வகுக்க 10.36. அதே எடையுள்ள செப்பு நிக்கல் போலி 3.18 அளவில் காட்டும், அடர்த்தி 8.9தான் வரும். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும். ஒருதடவை தட்டி, மீண்டும் பாருங்கள்.

வளவு வெட்டும்போதோ வலையிலோ பழங்காசு வந்தால் சட்டத்தை மறக்கக்கூடாது. 1940இன் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள். புதிதாகக் கண்டெடுத்தது அரசுக்குரியது, கண்டவர் அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பவும் கூடாது. சோழர் செப்புக் காசோ, நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் கொண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசோ எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பது இந்த மண்ணின் வரலாற்றுக்கு வேண்டிய சான்று. பானையோடு இருந்தால் கொட்டிப் பிரிக்காமல் அப்படியே விட்டு, பிரதேச செயலகத்துக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ சொல்லுங்கள். கடலிலிருந்து வந்த செப்புக் காசை வெயிலில் காயவிடாதீர்கள். உள்ளே இறங்கிய உப்பு காயும்போது பூத்து மேற்தோலை உடைக்கும். வடிநீரில் மூழ்கவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இடம்பெயர்ந்த காலத்தில் தகரப் பேணியில் போட்டுப் புதைத்துவிட்டுப் போன காசுகளும் வெளிவருகின்றன. அவை பெரும்பாலும் கடந்த நூற்றாண்டுக் காசுகள். இந்தச் சட்டத்துக்குள் வராது. பேணியின் துரு ஒட்டியிருந்தால் சுரண்டாமல் ஊறவிடுங்கள்.

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. ஏலத்தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள், அதுவும் உங்கள் காசின் அதே ஆண்டையும் அதே தேய்வையும். ‘உங்கள் 5 ரூபாக்குப் பல இலட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்’ என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். இந்திய ரிசர்வ் வங்கி தன் பெயரில் நடக்கும் இதே ஏமாற்றைப் பற்றி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது.

வைத்திருக்கும் இடமும் முக்கியம். மென்மையான, வாசனை வீசும் பிளாஸ்டிக் அல்பம் பி.வி.சி. ஆகத்தான் இருக்கும், நம் வெக்கையில் அது கசிந்து, காசில் பச்சைப் பிசினாக ஒட்டும். சற்று விறைப்பான பொலியெஸ்டர் உறை அல்லது அட்டைச்சட்டம் வாங்குங்கள். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், கீழே துவாய் விரித்திருக்கட்டும். செப்புக் காசில் வெளிறிய பச்சைத் தூள் கண்டால் பல்லுக்குத்தும் குச்சியால் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் அது அரிப்பு நோய். உடனே மற்றக் காசுகளிலிருந்து பிரித்து வையுங்கள். உதிராமல் கெட்டியாக இருந்தால் விட்டுவிடலாம். பெட்டியைக் கடற்பக்கச் சன்னலோரம் வைக்காமல் உள்ளறை அலுமாரிக்கு மாற்றி, ஐப்பசியில் மாரி பிடிப்பதற்கு முன் சிலிக்கா ஜெல் பைகளைப் புதிதாகப் போடுங்கள்.