மால்டி-டாஃப் கருவியில் கார்பாபெனிமேஸைக் கண்டறிதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆய்வகங்களுக்குச் சர்க்கரை நோயுள்ள விவசாயிகளின் கால் புண்களிலிருந்து சீழ் மாதிரிகள் வந்துகொண்டே இருக்கும். வயல் சேற்றிலேயே நாளெல்லாம் நிற்பவர்களுக்குப் புண் எளிதில் ஆறுவதில்லை. அந்த மாதிரியில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்துவிட்டால், கார்பாபெனம் வகை ஆன்டிபயாடிக்கான மெரோபெனம் கேட்குமா என்பதே மருத்துவரின் முதல் கேள்வியாக இருக்கும். மூலக்கூறுகளை லேசரால் அயனியாக்கி எடை காணும் மால்டி-டாஃப் கருவி 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையிலான புரதங்களை அளந்து கிருமியின் பெயரைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது; ஆனால் பெயரை வைத்துக்கொண்டு மருந்து கேட்குமா என்று முடிவு செய்ய இயலாது. கார்பாபெனம் மருந்துகளை உடைக்கும் கார்பாபெனிமேஸ் என்ற நொதி கிருமியில் உண்டா என்றறிய, அதை மருந்தோடு சேர்த்து வைத்து, அந்த மருந்து உடைகிறதா என்பதை அதே கருவியில் பார்ப்பதே இங்கு விளக்கும் முறை.

கார்பாபெனம் மருந்துகளில் நான் எர்டாபெனத்தையே பரிந்துரைக்கிறேன். கருவி தரும் வரைபடத்தில் மெரோபெனத்தின் உச்சம் 384 டால்டனில் விழுகிறது. லேசர் ஒளியை உறிஞ்சுவதற்காக மாதிரியின்மேல் இடும் ஹெச்சிசிஏ மேட்ரிக்ஸின் சொந்த உச்சம் ஒன்று 379இல் நிற்பதால், புதியவர்களுக்கு இரண்டும் குழப்பம் தரும். எர்டாபெனம் 476இல் தனித்துத் தெரியும்.

50 மில்லிமோலார் அம்மோனியம் பைகார்பனேட்டில், மி.லி.க்கு 0.5 மி.கி. வீதம் எர்டாபெனத்தை அன்றன்றே கரைத்துக்கொள்ளுங்கள். அதில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து, முந்தைய நாள் வளர்த்த காலனியிலிருந்து 1 மைக்ரோலிட்டர் வளையம் நிறையக் கிருமியைக் கலந்து, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் குலுக்கிவைக்க வேண்டும். பிறகு மையவிலக்கில் சுழற்றி, தெளிந்த மேல்நீரில் 1 மைக்ரோலிட்டரை ஸ்டீல் தகட்டில் இட்டு, காய்ந்ததும் அதன்மேல் 1 மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸ் இட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புள்ளிகள் காய நேரமாகும். ஈரத்தோடு தகட்டை உள்ளே அனுப்பினால் வெற்றிடம் எட்டத் தாமதமாகும் என்பதால், முழுவதும் காயும்வரை பொறுத்திருங்கள்.

வழக்கமான அளவீட்டு அமைப்பு இதற்கு உதவாது. 100 முதல் 1,000 டால்டன் வரை அளக்கும் தனி அமைப்பை உருவாக்கி, சிறு மூலக்கூறுகளை விலக்கும் மேட்ரிக்ஸ் தணிப்பை நிறுத்திவிட்டு, மேட்ரிக்ஸின் 190, 379 உச்சங்களைக் கொண்டே அளவைச் சரிபார்க்கலாம்.

பலரும் தடுமாறுவது அடுத்த படியில்தான். எனக்கும் நெடுநாள் பிடிபடாமல் இருந்தது அதுவே. 476 சிறுத்திருப்பதைப் பார்த்ததும் மருந்து உடைந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். எர்டாபெனம் சோடியம் உப்பாகவே விற்கப்படுவதால், உடையாத மருந்தும் ஒரு சோடியம் ஏறி 498இலும், இரண்டு ஏறி 520இலும் தெரியும். எனவே 476, 498, 520 மூன்றையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும். நொதி தாக்கும்போது மருந்தோடு ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்து எடை 18 கூடி 494 ஆகிறது. அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்றால் 44 குறைந்து 450 ஆகிறது. இவற்றின் சோடியம் வடிவங்கள் 516, 472. முதல் மூன்றும் மறைந்து 450 எழுந்திருந்தால் மட்டுமே நொதி உண்டு என்று எழுதுங்கள். 494ஐயும் 498ஐயும் அவசரத்தில் ஒன்றென எண்ணிவிடக் கூடாது.

ஒவ்வொரு முறையும் மூன்று கட்டுப்பாடுகள் கட்டாயம்: கிருமி கலக்காத மருந்து, நொதி இல்லாத ஈ.கோலை ஏடிசிசி 25922 (ஏடிசிசி என்பது தரக் கிருமிகளின் சேமிப்பகம்), கேபிசி என்ற கார்பாபெனிமேஸ் நொதியுள்ள கிளெப்சியெல்லா ஏடிசிசி பிஏஏ-1705. கிருமியில்லாத குழாயிலேயே 450 பெரிதாக எழுந்தால் கரைசல் பழையது. அன்றைய முடிவுகள் எதையும் அனுப்பக் கூடாது.

பிற்சேர்க்கை: ஆக்ஸா-48 என்ற கார்பாபெனிமேஸ் உள்ளதென மரபணுச் சோதனை காட்டிய கிருமியில் மருந்து உடையவில்லையே என்று திருவாரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்த நொதி கார்பாபெனம்களை மெதுவாகவே உடைக்கும். பைகார்பனேட் இருந்தால் அதன் வேகம் கூடும் என்பதால்தான் அந்தக் கரைசலைச் சொன்னேன். வேறு பஃபர் பயன்படுத்தியிருந்தால் மாற்றிவிட்டு, நான்கு மணி நேரம் வரை வைத்துப் பாருங்கள். அப்போதும் உடையாவிட்டால் மருந்து கேட்கும் என்று எழுதிவிட வேண்டாம். கிருமியின் வெளிச்சவ்வில் மருந்து நுழையும் ‘போரின்’ என்ற புரத வாயில்கள் குறைந்தோ, மருந்தை வெளியேற்றும் பம்புகள் பெருகியோ எதிர்ப்பு வந்திருக்கலாம். அவை இந்தச் சோதனையில் தெரியா. ஆகவே எம்ஐசி (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) முடிவு வரும்வரை அறிக்கையில் ‘கார்பாபெனிமேஸ் செயல்பாடு தென்படவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள்.