கப்புள் கவுன்சலிங் பக்கம் வர நினைக்கும் கவுன்சலர்களுக்கு: பயிற்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி எடுப்பது

தனிநபர் கவுன்சலிங் ஓரளவு கைவந்துவிட்டது, இனி கணவன் மனைவி கேஸும் எடுக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாக எடுக்கலாம், ஆனால் அதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்த பிறகு. ஒருவரோடு உட்காரும்போது அவர் பக்கம் நின்று கேட்பதுதான் நம் வேலை. அதே பழக்கத்தோடு இருவர் முன்னால் உட்கார்ந்தால், மனைவி அழும்போது நீங்கள் தலையசைப்பதை எல்லாம் கணவர் மனசுக்குள் தனக்கு எதிராகக் கணக்கு வைத்துக்கொண்டிருப்பார், அடுத்த செஷனுக்கு "ஆபீஸ்ல வேலை இருக்கு" என்று மெசேஜ் வரும், அதோடு அந்தக் கேஸ் முடிந்தது.

நம் நாட்டில் கப்புள் தெரபிக்கு என்று தனி லைசென்ஸ் கிடையாது. அமெரிக்காவில் மாநிலங்கள் திருமண, குடும்ப சிகிச்சையாளர் என்று தனியாகவே உரிமம் கொடுக்கின்றன. இங்கே ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளைப் பதிவு செய்கிறது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழிலாளர் சட்டத்தின் பட்டியலில் கவுன்சலர்களும் வருகிறார்கள், ஆனால் தம்பதிகளோடு வேலை செய்ய இவ்வளவு பயிற்சி வேண்டும் என்று யாரும் நம் கையைப் பிடித்துக் கேட்பதில்லை. எம்.எஸ்.டபிள்யூ முடித்தவரும் போர்டு மாட்டலாம், ஆறு மாத டிப்ளமோ முடித்தவரும் மாட்டலாம். அதனால் எது போதுமான பயிற்சி என்று நாமேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எந்தக் கோர்ஸில் பணம் கட்டுவதற்கு முன்பும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் தம்பதியோடு வேலை செய்வதை யாராவது பார்ப்பார்களா? பதில் இல்லை என்றால் அது அறிமுக வகுப்பு, அவ்வளவுதான். இரண்டு நாள் ஜூம் வகுப்பு, நூறு ஸ்லைடு, கடைசியில் பெயர் போட்ட சர்டிபிகேட். அதில் கேட்டது தவறாக இருக்காது, ஆனால் இரண்டு பேர் உங்கள் கண்முன்னால் கத்திக்கொள்ளும்போது ஸ்லைடு ஞாபகத்துக்கு வராது.

உருப்படியான பயிற்சி முறைகள் எல்லாமே இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்கின்றன. காட்மன் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் 1986இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வகம் அமைத்து, தம்பதிகள் வாக்குவாதம் செய்யும்போது அவர்களுடைய முகம், பேச்சு, நாடித்துடிப்பு எல்லாவற்றையும் பதிவு செய்து ஆராய்ந்தார். தம்பதிகளுக்குள் வரும் சண்டைகளில் 69 சதவீதம் எப்போதும் தீராத வகை என்பது அந்த ஆய்வில் கிடைத்த விஷயம், இது ஒன்றே நம் வேலையின் திசையை மாற்றிவிடும், ஏனென்றால் பிரச்சினையைத் தீர்த்துவைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த முறையைக் கற்பதில் முதல் மூன்று நிலைகள் பயிற்சி வகுப்புகள். அதற்குப் பிறகு சான்று பெற, சொந்த செஷன் வீடியோக்களைக் காட்டித்தான் தேற வேண்டும்.

இன்னொன்று இ.எஃப்.டி., அதாவது உணர்வை மையமாக வைத்த சிகிச்சை. சூ ஜான்சனும் லெஸ் கிரீன்பெர்க்கும் கனடாவில் 1980களில் உருவாக்கியது. நான்கு நாள் எக்ஸ்டெர்ன்ஷிப் என்ற தொடக்கப் பயிற்சி, பிறகு கோர் ஸ்கில்ஸ் என்ற அடிப்படைத் திறன் பயிற்சி, பிறகு சூப்பர்விஷன், அதாவது அனுபவசாலி ஒருவர் நம் கேஸ்களைப் பார்த்து வழிகாட்டுவது, இதிலும் சான்று வேண்டுமென்றால் பதிவு செய்த செஷன்களைக் கொடுக்க வேண்டும். என் அபிப்பிராயம் கேட்டால், முதலில் இதைப் படிப்பது நம் ஊர்த் தம்பதிகளுக்குக் கைகொடுக்கும், ஏனென்றால் இங்கே பாதிப் பேர் உணர்வைச் சொல்லாமல் மாமியார், நகை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் என்று அதைச் சுற்றியே பேசுவார்கள். ஆனால் எதை எடுத்தாலும் ஒன்றையே எடுத்து இரண்டு வருடமாவது அதிலேயே நில்லுங்கள். இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று கலந்தால், செஷன் சிக்கும்போது அடுத்து என்ன செய்வது என்று தெரியாது.

வெளிநாட்டுப் பயிற்சிக்குக் காசு அதிகம், உண்மைதான். அதற்காகக் காத்திருக்க வேண்டாம், மூன்று நான்கு கவுன்சலர்கள் சேர்ந்து ரோல் பிளே குழு ஆரம்பியுங்கள். ஒருவர் கணவர், ஒருவர் மனைவி, ஒருவர் கவுன்சலர், மீதிப் பேர் பார்வையாளர்கள். கட்டாயம் போனில் பதிவு செய்யுங்கள். கேஸ் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. இப்படி ஆரம்பித்தால் போதும்:

கணவர்: "எது கேட்டாலும் உங்க அம்மாகிட்டயே கேளுங்கன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிறா."

மனைவி: "பத்து வருஷமா எல்லாத்தையும் அம்மாகிட்டதானே கேட்டாரு, இப்ப மட்டும் என்னவாம்?"

இந்த இடத்தில் புதியவர்கள் அநேகமாக "நீங்க ரெண்டு பேரும் அம்மாகிட்ட உக்காந்து பேசிப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். அப்புறம் அம்மா நல்லவரா கெட்டவரா என்று விசாரணைதான் நடக்கும், தீர்ப்புக்காக இருவரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக இப்படிப் பழகுங்கள்: "ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். மேடம், 'அம்மாகிட்டயே கேளுங்க'ன்னு சொல்றதுக்குச் சற்று முன்னாடி உங்களுக்குள்ள என்ன ஓடுது?" கொஞ்சம் மௌனம் இருக்கும், அதை நிரப்பாதீர்கள். "இந்த வீட்டுல என்னைக் கணக்குலயே எடுத்துக்கலைன்னு தோணும்" என்று வரும். உடனே கணவர் பக்கம் திரும்பி, "அவங்க மூஞ்சியைத் திருப்பிக்கும்போது உள்ள இது இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா? அப்போ உங்களுக்கு என்ன ஆகும்?" அவர் "என்ன பண்ணாலும் தப்பாயிடுது, அதான் பேசாம வெளிய போயிடுவேன்" என்பார். அவர் வெளியே போகப் போக அவளுக்குக் கோபம் கூடுகிறது, அவள் கோபப்படக் கோபப்பட அவர் படியிறங்கிப் போய்விடுகிறார். இந்தச் சுழலைத்தான் இருவர் முன்னாலும் எடுத்து வைக்க வேண்டும், குற்றவாளி யார் என்பதை அல்ல.

குறுக்கே நிறுத்துவதைத் தனியாகப் பழக வேண்டும். நம்மைவிட மூத்தவர் பேசும்போது இடையில் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், ஐம்பத்தைந்து வயது சார் ஒருவர் பத்து நிமிடம் மனைவியைக் குறை சொன்னாலும் கேட்டுக்கொண்டே இருந்துவிடுவோம். "சார், இது முக்கியம், அதனாலதான் நிறுத்தறேன்" என்று மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்ல வாய் பழக வேண்டும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாத நிலைக்கு மனிதர் போய்விடுகிறார், அடங்க இருபது நிமிடமாவது வேண்டும் என்பது காட்மன் பயிற்சியில் சொல்லித்தரும் விஷயம். அதனால் கத்தவிட்டுப் பிறகு பேசலாம் என்ற கணக்கு வேலைக்கு ஆகாது.

முதல் செஷன்களின் வரிசையையும் பயிற்சியிலேயே மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள்: இருவரும் சேர்ந்து ஒரு செஷன், பிறகு ஆளுக்கு ஒரு தனிச் செஷன், பிறகு சேர்ந்து உட்கார்ந்து நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்வது. தனிச் செஷனுக்கு முன்பே ரகசியம் பற்றிய உங்கள் விதியை இருவருக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தனியாக வந்தவர் "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார், அதற்குப் பிறகு நீங்கள் அந்தத் தம்பதிக்கு உதவ முடியாத இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கூடவே மாமாவோ அம்மாவோ வந்தால் வெளியே உட்காரச் சொல்லும் வார்த்தையையும் தயாராக வைத்திருங்கள்.

தனிச் செஷனின் முக்கியமான வேலை வன்முறை இருக்கிறதா என்று கேட்பது. "உங்களுக்குள் எல்லாம் ஓகேயா" என்று கேட்டால் ஓகே என்றுதான் வரும். "அவர் கோபப்பட்டா என்ன நடக்கும்? உங்களுக்குப் பயம் வந்த நாள் உண்டா? உங்க போனை யார் பாக்கறாங்க? ஏ.டி.எம். கார்டு யார்கிட்ட இருக்கு?" என்று கேளுங்கள். ஒருவர் மற்றவரைப் பயத்தால் கட்டுப்படுத்துகிறார் என்று தெரிந்தால் சேர்ந்து உட்காரவைக்கும் சிகிச்சையை ஆரம்பிக்காதீர்கள், ரூமில் பயப்படுகிறவர் உண்மை பேசினால் வீட்டில் அடி விழும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அனுப்பும் கவுன்சலிங்குக்கே 2006 விதிகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு: செய்த வன்முறைக்கு நியாயம் சொல்ல எதிர்தரப்பை அனுமதிக்கக்கூடாது. நம் ரூமுக்கும் இதே அளவுகோல் இருக்கட்டும். 181 உதவி எண், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் சகி மையம், தெரிந்த ஒரு வக்கீல், ஒரு மனநல மருத்துவர் என்று பட்டியல் கையில் இருக்க வேண்டும். குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது பேச்சில் வெளிவந்தால், போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கட்டாயம், இதையும் சம்மதப் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆரம்பத்தில் எடுக்கும் கேஸ்களையும் பார்த்து எடுங்கள். இருவருமே வர விரும்புகிற, பேச்சு குறைந்துபோன, குழந்தை பிறந்த பிறகு விலகிப்போன தம்பதிகள் நல்ல தொடக்கம். கள்ளத்தொடர்பு போன வாரம்தான் தெரிந்தது, விவாகரத்து நோட்டீஸ் போய்விட்டது, ஒருவர் இருக்க வேண்டும் என்கிறார் மற்றவர் போக வேண்டும் என்கிறார் என்றால் அனுபவசாலிக்கு அனுப்புங்கள். கடைசியாகச் சொன்ன வகைக்கு அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் பில் டோஹர்ட்டி உருவாக்கிய ஒரு தனி முறையே இருக்கிறது, அதிகபட்சம் ஐந்து செஷன், நோக்கம் சேர்த்துவைப்பது அல்ல, முடிவுக்கு வர உதவுவது.

சூப்பர்விஷனுக்குப் போகும்போது கேஸ் கதையைச் சொல்லாதீர்கள். கதையில் நாம் எப்போதும் சரியாகவே செய்திருப்போம். இருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கி, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதையும் அதில் எழுதி, செஷனைப் பதிவு செய்யுங்கள். எங்கே சிக்கினீர்களோ அந்த ஏழெட்டு நிமிடத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். போவதற்கு முன் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: உங்கள் உடம்பு யார் பக்கம் சாய்ந்திருக்கிறது, யார் பேசும்போது நோட்டில் எழுதுகிறீர்கள், யார் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டு, சூப்பர்வைசரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.