செகண்ட் ஹேண்ட் கார்: பினாங்கில் விலை பேசுவதும் பணம் கட்டுவதும்

பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்த்தாஜாமிலோ கார் கடையில் போய் நின்று "எவ்வளவு கொறைப்பீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் 300, 500 வெள்ளி (ரிங்கிட்) குறையும். அதோடு சரி. அந்தக் குறைப்பை விற்பவர் முதலிலேயே விலையில் ஏற்றி வைத்திருப்பார். ஆயிரத்துக்கு மேல் குறைய வேண்டுமானால், பேச உட்காரும் முன்பே இரண்டு தொகைகள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: இதே மாதிரி கார் இப்போது என்ன விலைக்குப் போகிறது, இந்தக் காரைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்.

முதல் தொகைக்கு முடா, கார்லிஸ்ட் விளம்பரத் தளங்களில் தேடுங்கள். மாடல், ஆண்டு, கியர், வேரியண்ட் நான்கும் ஒத்துப்போகும் விளம்பரங்கள் குறைந்தது பத்து வேண்டும். மற்றவற்றைவிட மிகக் குறைவாகப் போட்டிருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம், கடன் முடியாத காராக இருக்கலாம், ஆளை வரவழைக்கப் போட்ட விலையாகவும் இருக்கலாம். நடுவில் நிற்கும் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல. அதனால் கார் எண்ணை உங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் கொடுத்து மார்க்கெட் வேல்யூவையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

ஆண்டு விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். "2018/2019" என்று போட்டிருந்தால் 2018-இல் தயாரித்து 2019-இல் பதிந்த கார். கிராண்டில் (கார் பதிவுப் பத்திரத்தில்) இரண்டு ஆண்டும் இருக்கும். இன்சூரன்ஸ் மதிப்பு தயாரித்த ஆண்டை வைத்தே வரும். 2019 கார்களின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது தொகைக்குப் போர்மேன் (மெக்கானிக்) வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும், விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். காலையில், இஞ்சின் சூடாகும் முன் போங்கள். போனட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்னே சூடாக இருந்தால், குளிர்ந்த இஞ்சின் கிளம்பும்போது வரும் சத்தத்தையும் புகையையும் உங்களால் பார்க்க முடியாது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரித்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை அப்படியே நிற்கும். சீட்டு நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்பேர் டயர் குழியில் மண் இருந்தாலும் அதே சந்தேகம்தான். 2017 நவம்பரில் பினாங்கிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பக்கமும் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். அப்படிப்பட்ட காருக்கு விலையே பேசாதீர்கள். ஒயரிங் கோளாறு எப்போது எங்கே வரும் என்று போர்மேனாலும் சொல்ல முடியாது.

மற்ற குறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் செலவை வாங்கிக்கொள்ளுங்கள். "டயர் பழசு" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. "நாலு டயரும் பேட்டரியும் சேர்த்து 1,150 வெள்ளி, போர்மேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்றால் விற்பவர் அந்தத் தொகைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பேசும் விதம்

கார் 26,800 வெள்ளிக்குப் போட்டிருக்கிறது, நடு விலை 26,000, பழுதுபார்க்க 1,150 என்று வைத்துக்கொள்வோம். 24,850-க்கு மேல் போகக்கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, 24,000-இல் தொடங்குங்கள். சொல்வது இப்படி இருக்கட்டும்: "பாஸ், கார் பிடிச்சிருக்கு. இந்த லிஸ்டைப் பாருங்க, டயரும் பேட்டரியும் நான்தான் மாத்தணும். 24,000-க்கு முடிச்சா இன்னைக்கே புக்கிங்." சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். அவர் பதில் சொல்வதற்குள் நாமே 24,300 என்று ஏற்றுவது நிறையப் பேர் செய்யும் தவறு. அவர் 25,800 என்றால் நூறு நூறாக ஏறுங்கள். விலை இறங்காவிட்டால் டயரை மாற்றித் தரக் கேளுங்கள். விலையைக் குறைக்க மறுக்கும் கடைக்காரர்கூடத் தன் வழக்கமான பெங்கெலில் (பட்டறையில்) செய்து கொடுக்க ஒத்துக்கொள்வதுண்டு. எந்தப் பிராண்ட், எந்த ஆண்டு டயர் என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

தனி ஆளிடம் வாங்கினால் பேச்சின் தொனி வேறு. அண்ணன், அக்கா என்று பழகிப் பேசுங்கள், காரை மட்டம் தட்டாதீர்கள். பத்து வருடம் ஓட்டியவருக்கு அந்தக் காரின் மேல் பாசம் இருக்கும். பட்டியலை மட்டும் காட்டுங்கள்.

கடையில் எப்போதும் மொத்தத் தொகையைத்தான் பேச வேண்டும். 25,000 என்று கைகுலுக்கிய பிறகு பிராசஸிங் ஃபீ, இன்ஸ்பெக்‌ஷன், பெயர் மாற்றம் என்று வரிசையாக வரும். தனியார் காருக்கு ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாற்றக் கட்டணம் 100 வெள்ளி. அதைவிட அதிகம் கேட்டால் மிச்சம் எதற்கு என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். விற்பவரின் என்சிடி (கிளெய்ம் செய்யாததற்கான கழிவு) உங்களுக்கு வராது. முதல் கார் என்றால் முழுப் பிரீமியம். ரோட் டேக்ஸும் காரைப் பொறுத்தது: 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 வெள்ளி, 1,998 சிசி செடானுக்கு 379.

கடன் வாங்கினால் மாதத் தவணையை வைத்து விலை பேசாதீர்கள். 25,000 வெள்ளி காருக்கு 10% முன்பணம் 2,500. மீதி 22,500-க்குப் பிளாட் ரேட் (கடைசி வரை முழுக் கடன் தொகைக்கும் வட்டி) 4% என்றால், 5 ஆண்டில் வட்டி 4,500, மாதம் 450. 9 ஆண்டாக நீட்டினால் மாதம் 283-தான், ஆனால் வட்டி 8,100. "மாசம் 283-தான் பாஸ்" என்று சொல்லும்போது விலையில் ஆயிரம் ஏறினாலும் நமக்கு உறைக்காது. முன்பணமே வேண்டாம், ஃபுல் லோன் தருகிறோம் என்று கடை சொன்னால், பேங்குக்குப் போகும் பத்திரத்தில் விலையை உயர்த்தி எழுதப் போகிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். பொய்யான அந்தப் பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது. சம்மதிக்காதீர்கள்.

"சம்போங் பாயார்" என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பேங்கின் சம்மதம் இல்லாமல் அடுத்தவர் கடனைத் தொடர்ந்து கட்டி ஓட்டுவது சட்டவிரோதம். நீங்கள் மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் கார் உங்கள் பெயருக்கு வராது, பேங்க் வந்து இழுத்துக்கொண்டு போனால் கேட்க உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

பணம் கட்டும் வரிசை

பிடித்துவிட்டது என்றால் புக்கிங்குக்கு 300, 500 வெள்ளி போதும். ரசீதில் கார் எண், பேசிய மொத்த விலை, "லோன் கிடைக்காவிட்டாலோ பி5 பாஸாகாவிட்டாலோ முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்ற வரி, மூன்றும் இருக்க வேண்டும். பி5 என்பது பெயர் மாற்றத்துக்கு முன் காரைப் பார்க்கும் சோதனை. அந்த வரியை எழுத மறுப்பவரிடம் புக்கிங் போடாதீர்கள்.

அடுத்து பி5 சோதனை. லோன் என்றால் அதற்கான பி7 சோதனையும் சேரும். பி5 முக்கியமாக இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு பொருந்துகிறதா, காரில் சட்டத்துக்குப் புறம்பான மாற்றம் உண்டா என்று பார்ப்பது. கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. கருப்பு டின்டில் மாட்டுவது அதிகம்: முன் கண்ணாடி 70%, முன் பக்கக் கண்ணாடிகள் 50% வெளிச்சம் விட வேண்டும். சோதனைச் செலவும் டின்ட் கழற்றும் செலவும் விற்பவர் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். காரின் பெயரில் கட்டாத சமன் (அபராதம்) நின்றால் பிளாக்லிஸ்ட் ஆகிப் பெயர் மாற்றம் நின்றுபோகும். ஜேபிஜேயின் மைஜேபிஜே, போலீசின் மைபாயார் பிடிஆர்எம் ஆப்களில் விற்பவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

விற்பவருக்குக் கடன் பாக்கி இருந்தால் இங்கேதான் நிதானம் வேண்டும். பேங்கிலிருந்து செட்டில்மென்ட் கடிதம் வாங்கி வரச் சொல்லுங்கள். விலை 24,500, பாக்கி 14,200 என்றால் அந்த 14,200-ஐ அவர் கையில் கொடுக்கக்கூடாது. இருவரும் பேங்குக்குப் போய் நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள். அதற்கு முன் பி5 முடிந்திருக்க வேண்டும், இருவரின் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் உள்ள விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்தாகியிருக்க வேண்டும். பேங்க் தன் உரிமையை ஜேபிஜே பதிவிலிருந்து நீக்கச் சில நாள் ஆகும். மீதி 10,300 அதன் பிறகு, பெயர் மாற்றும் நாளில்தான்.

அந்த நாளுக்கு முன் இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேங்க் ஆப்பில் தினசரி வரம்பையும் முந்தைய நாளே உயர்த்துங்கள். உயர்த்திய வரம்பு உடனே அமலுக்கு வராமல் இருக்கலாம். பணம் போகும் கணக்கின் பெயர் கிராண்டில் உள்ள பெயராக இருக்க வேண்டும், கடை என்றால் கம்பெனிக் கணக்காக. "மச்சான் கணக்கில் போடுங்க" என்றால் மறுத்துவிடுங்கள். மோசடிக் கணக்கா என்று பார்க்க, கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தேடிப் பாருங்கள். செபராங் ஜெயாவிலோ பத்து உபானிலோ ஜேபிஜே கவுண்டரில் இருவரும் கைரேகை வைத்து, உங்கள் பெயர் பதிவில் ஏறியதைப் பார்த்த பிறகு அங்கேயே டுயிட்நவ்வில் அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டை அவருக்கும் அனுப்பி, அவர் கணக்கில் விழுந்ததைப் பார்த்ததும் சாவி இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். மோசடி என்று தெரிந்த நிமிடமே 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். கடைக்காரர் ரசீதில் எழுதியதைச் செய்யாவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரையான வழக்கை எடுத்துக்கொள்ளும், மனுவுக்கு 5 வெள்ளிதான். தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி இல்லை.

கிளம்பும் முன் இன்னொன்று. முன் கண்ணாடியில் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் இருந்தால், விற்பவர் தன் டச் அண்ட் கோ ஆப்பிலிருந்து அந்தக் காரை அங்கேயே நீக்கட்டும். இல்லாவிட்டால் பாலத்து டோல் அவர் கணக்கில் போகும், அவர் போன் செய்து கேட்பார்.