பெண், அதிகாரம், இலக்கியம்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலக்கியத்தில் பெண்ணும் அதிகாரமும் என்ற தாளை இரண்டு பருவங்கள் படித்தேன். நான் செய்த தவறுகளும் கூடப் படித்தவர்கள் செய்த தவறுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. இனி இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் முதலில் செய்வது, ‘வலிமையான பெண்’ என்று ஒரு அடைமொழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது. என் முதல் கட்டுரையில் சிலப்பதிகாரத்தின் கண்ணகி, ஷேக்ஸ்பியரின் லேடி மேக்பெத், நார்வே நாடகாசிரியர் இப்சனின் நோரா மூவருக்கும் இதையே போட்டிருந்தேன். ஆசிரியர் ஓரத்தில் “எதைச் செய்ய வலிமை? யாரிடம்?” என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். பதில் தேடும்போதுதான் அதிகாரமும் செல்வாக்கும் மனவுறுதியும் வேறு வேறு என்று உறைத்தது. டங்கன் அரசனைக் கொல்லத் தயங்கும் கணவனைப் பேசியே அந்தச் செயலுக்குக் கொண்டுபோகிறாள் லேடி மேக்பெத். அவள் அரசியான பிறகு, சக தளபதி பாங்கோவைக் கொல்லும் திட்டத்தை அவன் அவளிடம் சொல்வதுகூட இல்லை. பட்டம் வந்ததும் செல்வாக்கு போய்விட்டது. ஒரு அடைமொழிக்குள் இது எப்படி அடங்கும்?

கண்ணகி விஷயத்தில் நாங்கள் செய்தது இதைவிடப் பெரிய தவறு. அவள் பெயரைக் கேட்டதும் நேராக மதுரை எரிந்ததற்குப் போய்விட்டோம். அதற்கு முன்னால் வழக்குரை காதையில் பாண்டியன் அவையில் அவள் பேசுவதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘தேரா மன்னா’ என்கிறாள். ஆராயாமல் தீர்ப்புச் சொன்னவன் என்ற குற்றச்சாட்டு அந்த இரண்டு சொல்லிலேயே வந்துவிடுகிறது. அப்புறம் தன் ஊரைச் சொல்கிறாள்: புறாவின் துயர் தீர்த்தவனும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார். ஊர்ப்பெயர் சொல்கிற சாக்கில், நீதி என்றால் என்ன என்று அரசனுக்கு இரண்டு முன்னுதாரணம் காட்டியாகிவிட்டது! கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அவன் சொல்ல, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அவன் ஒப்புக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் சிலம்பை உடைக்கிறாள். மணி தெறித்து அவன் வாயருகே போகிறது. ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று தீர்ப்பு அவன் வாயாலேயே வருகிறது. இவ்வளவும் முடிந்தபோது தீ இன்னும் மூளவில்லை. படையோ பதவியோ இல்லாத ஒருத்தி, ஒற்றைச் சிலம்பைச் சாட்சியாக வைத்து ஓர் அரசவையில் வழக்கை வென்றிருக்கிறாள். அதைத் தாண்டிப் போய்த் தீயை மட்டும் பார்த்தால் அவளை வெறும் கோபமாகச் சுருக்கிவிடுகிறோம்.

அதே அவையில் பாண்டியனின் அரசி கோப்பெருந்தேவியும் இருக்கிறாள். எங்கள் வகுப்பில் யாருமே அவளைக் கவனிக்கவில்லை. அவள் ஊடலைத் தணிக்கப் போகிற அவசரத்தில்தான் அரசன் அந்தக் கொலை ஆணையைத் தந்தான். அவன் விழுந்ததும் ‘கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்’ என்று அவன் அடி தொழுது அவளும் விழுகிறாள். கணவனை இழந்த இரண்டு பெண்கள் ஒரே கூடத்தில். ஒருத்தி வழக்காடுகிறாள், அரியணையில் பங்கு இருந்தவளுக்கோ சொல்ல வேறு வார்த்தை இல்லை. ‘பெண்கள்’ என்று பன்மையில் எழுதும்போது எந்தப் பெண் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

யார் எழுதியது என்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. ஆண்டாள் பாடியதும், நம்மாழ்வார் பராங்குச நாயகி என்ற பெண்ணாக நின்று பாடியதும் பெண் குரல்தான், ஆனால் ஒரே மாதிரிக் குரல் என்று சேர்த்துவிட முடியாது. ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் பெண் வேடம் கட்டியவர்கள் சிறுவர்கள். அதற்காக, ஆண் எழுதியதால் பொய் என்று ஒதுக்குவதும் சரியில்லை. பெண் எழுதியதையெல்லாம் அவளுடைய சொந்த வாழ்க்கைக் கதையாகப் படிப்பதும் அதே அளவு தவறு.

கோட்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: முதலில் நூல், பிறகுதான் அதிகாரம் பற்றி எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ.

முடிவை வைத்து மொத்தக் கதைக்கும் தீர்ப்புச் சொல்வதுதான் நான் கடைசியாகத் திருத்திக்கொண்டது. இப்சனின் ‘பொம்மை வீடு’ 1879-இல் கோபன்ஹேகனில் மேடையேறியது. நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள், கதவு சாத்தும் ஓசையோடு திரை விழுகிறது. ஜெர்மனியில் அந்த வேடத்துக்கு வந்த நடிகை இந்த முடிவை நடிக்க மறுத்ததால், குழந்தைகளைப் பார்த்து நோரா தங்கிவிடுவதாக இப்சனே மனமில்லாமல் இன்னொரு முடிவு எழுதிக் கொடுத்தார். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கடைசிப் பக்கம் எதுவானாலும் முன்னால் உள்ளது அப்படியேதான் இருக்கிறது. கணவன் உயிரைக் காக்கக் கடன் வாங்க அவள் தந்தையின் கையெழுத்தைப் போலியாகப் போட வேண்டியிருந்தது. முதல் அங்கத்திலேயே தோழி சொல்லிவிடுகிறாள்: கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாதே! திருப்பி எழுதிய கட்டுரையை அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கினேன்.