தைராய்டு டெஸ்டுக்கு முன் பயோட்டின் வேண்டாம்

முடி கொட்டுகிறதென்று தைராய்டு டெஸ்ட் எடுக்கப் போகிறீர்களா? முடிக்கென்று பயோட்டின் (ஒரு வகை பி வைட்டமின்) மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

பல லேப்களில் ஹார்மோன் அளவைப் பார்க்கும் முறையே பயோட்டினைப் பிணைப்பாக வைத்துத்தான் இயங்குகிறது. நம் உடலுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளிலோ 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும், அதாவது நூறு மடங்குக்கும் மேல். அவ்வளவும் ரத்தத்தில் சுற்றும்போது டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைவாகவும் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகமாகவும், அதாவது தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோலக் காட்டலாம். தைராய்டு குறைவாகச் சுரந்து அதனால்தான் முடி கொட்டுகிறது என்றால், அந்தக் குறையே ரிப்போர்ட்டில் மறைந்துபோகும். அப்புறம் இன்னொரு டெஸ்ட், இன்னொரு செலவு. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்டிலும் இந்தத் தவறு நேரலாம். மாத்திரைப் பட்டையின் பின்பக்கம் அளவு இருக்கும், பாருங்கள். 'ஹேர், ஸ்கின், நெயில்' என்று போட்டிருக்கும் மென்று சாப்பிடும் ஜெல்லி மிட்டாய்களிலும் பயோட்டின் உண்டு.

ஹீமோகுளோபின் மட்டும் பார்ப்பதென்றால் நிறுத்தத் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் 2 நாள் போதாமல் போகலாம், மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த தைராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. நெஞ்சுவலி போன்ற அவசரத்தில் 2 நாள் காத்திருக்காமல் உடனே டெஸ்ட் எடுங்கள், பயோட்டின் சாப்பிடுவதை மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.