தூணில் காட்டுங்கள் வேலைப்பாட்டை, வாசலில் வேண்டாம்: செட்டிநாட்டு வலைத்தளங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீட்டை விடுதியாக்கியவர்களும், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்பவர்களும், கண்டாங்கிச் சேலை விற்பவர்களும் இப்போது வலைத்தளம் வைத்திருக்கிறார்கள். பலவற்றில் படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. அறை வாடகை எவ்வளவு என்று கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது.

முதல் தவறு, மெனுவுக்குப் புதுப்பெயர் சூட்டுவது. 'அறைகள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வளவு', உணவுக்கு 'இரண்டாங்கட்டு', தொடர்புக்குத் 'திண்ணை'. உள்ளூர்க்காரர் ரசிப்பார். ஆனால் அறை பதிவு செய்ய வருபவர் கோயம்புத்தூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறாரே! நாட்டுக்கோட்டை நகரத்தார் வீட்டையே பாருங்கள். முகப்பு, முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வளவு, பந்தி நடக்கும் இரண்டாங்கட்டு, அடுப்படி என்ற வரிசை ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை; புதிதாக வரும் உறவினரும் வழி கேட்காமல் அடுப்படி வரை போய்விடுவார். கொத்தனாரும் தச்சரும் தங்கள் கைவண்ணத்தைத் தூணிலும் நிலையிலும் காட்டினார்கள். வாசலை யாரும் ஒளித்துவைக்கவில்லை.

வலைத்தளப் பயன்பாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் சொன்னதும் இதுதான்: மக்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை உங்கள் தளத்தில் அல்ல, மற்றவர்களின் தளங்களில் கழிக்கிறார்கள். அங்கே கைக்கு வந்த பழக்கத்தோடுதான் உங்களிடம் வருகிறார்கள். இலச்சினையை (லோகோவை) தட்டினால் முகப்புப் பக்கம் வர வேண்டும், பூதக்கண்ணாடி என்றால் தேடல். இதில் மாற்றம் வேண்டாம்.

கூடைச் சின்னத்துக்குப் பனையோலைக் கொட்டான் படம் வைக்க ஆசையா? தாராளமாக வையுங்கள். ஆனால் வலது மேல் மூலையில், உள்ளே எத்தனை பொருள் என்ற எண்ணோடு இருக்கட்டும். இடமும் செயலும் மாறாதவரை உடை மாறலாம். உடை அதுவாகவே இருந்து செயல் மாறுவதுதான் ஆபத்து. இதயச் சின்னத்தைத் தட்டினால் விருப்பப் பட்டியலில் சேரும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அது நேரே ஆர்டராகிவிட்டால் அடுத்த முறை வரமாட்டார்கள். அடிக்கோடும் அப்படித்தான். 1993இல் வந்த மொசைக் உலாவி, நீல எழுத்தும் அடிக்கோடும் இணைப்புக்கு அடையாளம் என்று பழக்கிவிட்டது. அழுத்தம் கொடுப்பதற்காக விலைக்குக் கீழே கோடு போட்டால், தட்டித் தட்டிப் பார்ப்பார்கள்.

மூன்று கோட்டு மெனுச் சின்னம் 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. கைபேசிக்குச் சரி. அகலமான கணினித் திரையில், இருப்பதே நான்கு பக்கங்கள் என்னும்போது, அவற்றை அதன் பின்னால் மறைப்பானேன்?

எழுத்துக்குப் பின்னணியாக ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையைப் போடாதீர்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிவேறுபாடு வேண்டும் என்பது, பார்வை மங்கியவரும் படிக்க வழிசெய்யும் உலகளாவிய அணுகல் நெறி.

பணம் வாங்கும் இடத்தில் நடப்பது இன்னும் வேடிக்கை. கைபேசியில் தளத்தைப் பார்ப்பவரிடம் கியூஆர் படத்தைக் காட்டி 'ஸ்கேன் செய்க' என்கிறார்கள். எந்தக் கைபேசியால் ஸ்கேன் செய்வது? விவரம் தெரிந்தவர் திரையைப் படமெடுத்துச் சமாளிப்பார், மற்றவர் கிளம்பிவிடுவார். யுபிஐ செயலியை நேரே திறக்கும் பொத்தான் போதும். அஞ்சல் குறியீட்டுப் பெட்டியைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும். கனமான கல்லுக்கு லாரிக் கூலியே கணிசமாகும் என்பதால், அந்த 6 இலக்கங்களை முதலிலேயே கேட்டுக் கூலியைச் சொல்லிவிடுவது நல்லது.

பழகிய வடிவம் என்பதற்காகப் பெரிய தளங்களின் எல்லாவற்றையும் நகலெடுக்கவும் கூடாது. இல்லாத அவசரத்தைக் காட்டும் கடிகாரம், கேட்காமலே கூடையில் சேரும் கூடுதல் பொருள் ஆகியவை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் அறிவித்த நெறிமுறைகள் தடுக்கும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளில் அடங்கும். கையால் செய்யும் கல்லுக்கு நாள் பிடிக்கும் என்பது உண்மையான தகவல்; அதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.